இரு திரைக் கணினி: அமைப்பும் ஆராய்வும்

ஒரு காரியத்தின் இயல்பை உள்ளவாறு அறியவேண்டின் அதன் காரணத்தை முதற்கண் நாடுதல் வேண்டும். காரணத்தை நாடாது தோற்றத்தை மாத்திரம் நோக்கித் தீர்ப்புக் கூறுவோர் குற்றமற்றதைக் குற்றமுடையதென ஒதுக்கிவிடுதல் உண்டு. மேசைக் கணினியுடன் இரண்டாவது திரையைப் பொருத்த முயல்வோர் பலரிடத்து இது காணப்படுகின்றது. புதிதாக இணைத்த திரையில் ஒன்றும் தோன்றாதவிடத்து, “திரை பழுது” என அவர் உடனே முடிவுசெய்வர். அதன் பயனாக, நல்ல திரையொன்று களஞ்சிய அறையின் மூலையைச் சேரும். அன்றேல், வேண்டாத புதுத் திரையொன்று வாங்கப்படும். பொருள்வளம் குறைந்த பாடசாலைக்கு இவ்விரண்டும் நட்டமேயாம். ஆதலின், இரு திரைகளை ஒரு கணினியுடன் அமைக்கும் முறையையும், அவை இயங்காதபோது காரணத்தைக் கண்டறியும் முறையையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இரு திரை வேண்டுவது எற்றுக்கு எனின், ஒப்புநோக்குதற்கு என்க. புள்ளிகளை அட்டவணையிற் பதியும் ஆசிரியர் ஒரு திரையில் அட்டவணையையும் மற்றதில் மாணவர் பெயர்ப் பட்டியலையும் வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்போன் மூலத்தை ஒருபுறமும் தன் எழுத்தை மறுபுறமும் வைக்கலாம். இரு நூல்களை மேசைமீது விரித்துவைத்துக் கற்பதை ஒத்தது இது. இவ்வழக்கம் புதியதுமன்று. 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியிலேயே ஒருநிறத் திரைக்குரிய அட்டையையும் பல்நிறத் திரைக்குரிய அட்டையையும் ஒருங்கே பூட்ட இயலுமாயிருந்தது. 1987 இல் வந்த மக்கின்டொஷ் II பல திரைகளை ஏற்றது. 1998 இல் விண்டோஸ் 98 இவ்வசதியைப் பொதுமக்களின் கணினிகளுக்குக் கொணர்ந்தது.

இனி, படம் திரையை அடையும் வழியை நோக்குவாம். பணிசெயல் முறைமை படத்தை எங்கே காட்டுவதெனக் கட்டளையிடும். வரைவியல் அலகு அப்படத்தை ஆக்கும். துறை அதனை வெளியே விடும். வடம் அதனைச் சுமந்து செல்லும். திரை அதனை ஏற்றுக் காட்டும். இவ்வைந்தும் ஒரு தொடர்; இவற்றுள் ஒன்று அறினும் திரை இருண்டிருக்கும். தோட்டத்துப் பாத்திக்கு நீர் வாராவிடின் பாத்தியைக் குறைகூறுவார் இலர்; கிணற்றடியிலிருந்து வாய்க்கால்வழியே நடந்து, எங்கே உடைப்பு என்று பார்ப்பர். அந்நிதானமே இங்கும் வேண்டற்பாலது.

துறைகளுள் நாம் காண்பவை பெரும்பாலும் நான்கு. வி.ஜி.ஏ. என்பது 1987 இல் தோன்றியது; பதினைந்து ஊசிகளும் இருமருங்கும் திருகாணிகளும் உடையது. டி.வி.ஐ. என்பது 1999 இல் வந்தது. எச்.டி.எம்.ஐ. 2002 இலும், டிஸ்பிளே போர்ட் 2006 இலும் தோன்றின. பின்னைய இரண்டும் தோற்றத்தில் ஒத்தவை, ஆயினும் எச்.டி.எம்.ஐ. தலையின் கீழ் மூலைகள் இரண்டும் சரிந்திருக்கும், டிஸ்பிளே போர்ட் தலையின் ஒரு மூலையே சரிந்திருக்கும். பின்னையதன் தலையிற் கொளுக்கி இருப்பின், அதனை அழுத்தியே கழற்றல் வேண்டும். பலாத்காரமாக இழுப்பின் துறை உடையும்.

கணினியின் துறையும் திரையின் துறையும் வேறாயின் மாற்றி ஒன்று தேவை. மாற்றிகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை போல்வன என்பதை மறத்தலாகாது. டிஸ்பிளே போர்ட் உடைய கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்குச் செல்லும் மலிவான மாற்றி, எச்.டி.எம்.ஐ. கணினியிலிருந்து டிஸ்பிளே போர்ட் திரைக்கு உதவாது. மேலும், ஒரு துறையை இரண்டாகப் பிரிக்கும் சாதாரணப் பிரிப்பான் ஒரே படத்தை இரு திரைகளிலும் காட்டுமேயன்றி, வேறுவேறு படங்களைக் காட்டாது. ஆதலின் இரண்டு திரைகளுக்கு இரண்டு துறைகள் வேண்டும் என்பதே பொதுவிதி.

அத்துறைகளைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். கணினிப் பெட்டியின் பின்புறத்தில் யு.எஸ்.பி. துறைகளோடு ஒரே தொகுதியாக நிற்பவை தாய்ப்பலகையின் துறைகள். அவற்றிற்குப் புறம்பாக, ஒடுங்கிய தகட்டில் வரிசையாக நிற்பவை வரைவியல் அட்டையின் துறைகள். தனி அட்டை பூட்டிய கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகையின் துறைகள் செயலற்றிருக்கும். சில செயலிகளில், சான்றாக இன்டெல் செயலிகளுட் பெயரின் ஈற்றில் எஃப் என்னும் எழுத்துடையவற்றில், உள்ளமைந்த வரைவியல் அலகே இல்லை. எனவே தனி அட்டை உள்ளதாயின் இரு வடங்களையும் அவ்வட்டையிலேயே செருகுதல் நன்று. இரண்டாவது திரை இருண்டிருத்தற்கு மிக எளிதில் நேரும் காரணம், அதன் வடம் செயலற்ற தாய்ப்பலகைத் துறையிற் செருகப்பட்டிருத்தலாம்.

கணினியை நிறுத்தி, வடங்களைச் செருகி, இரு திரைகளுக்கும் மின் கொடுத்துக் கணினியை இயக்குக. பின்னர் விசைப்பலகையில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு பி என்னும் எழுத்தை அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். முதலாவது கணினித் திரை மாத்திரம். இரண்டாவது இரண்டிலும் ஒரே படம். மூன்றாவது ஒரு திரையின் தொடர்ச்சியாக மற்றது. நான்காவது இரண்டாம் திரை மாத்திரம். நமக்கு வேண்டியது எக்ஸ்டென்ட் எனப்படும் மூன்றாவதேயாம். அதன்பின் செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், டிஸ்பிளே எனச் சென்றால் 1, 2 என இலக்கமிட்ட இரு பெட்டிகள் காணப்படும். ஐடென்டிஃபை என்பதை அழுத்த, அவ்விலக்கங்கள் உரிய திரைகளிற் பெரிதாகத் தோன்றும். மேசைமீது திரைகள் எவ்வாறு உள்ளனவோ அவ்வாறே பெட்டிகளையும் இழுத்துவைத்தல் வேண்டும். வலப்புறத்துத் திரை படத்தில் இடப்புறம் இருப்பின், சுட்டி வல ஓரத்தில் முட்டிநிற்கும். பழகாதவர் அதனையும் பழுதென்பர்.

இவ்வளவு செய்தும் ஒரு திரை இருண்டிருந்தால் யாது செய்வது? அளவையியல் கற்கும் மாணவர் ஜோன் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞர் 1843 இல் வெளியிட்ட நூலில் விளக்கிய வேற்றுமை முறையை அறிவர். ஏனைய யாவும் ஒத்திருக்க, ஒன்று மாத்திரம் வேறுபடும்போது காரியமும் வேறுபடுமாயின், அவ்வொன்றே காரணத்தொடு தொடர்புடையது என்பது அம்முறை. ஒரே வேளையில் வடத்தையும் துறையையும் மாற்றுவோர் திரையை ஒளிரச்செய்தல் கூடும். ஆயின் எது பழுது என்பதை அறியார்.

முதலிற் கண்ணுக்குப் புலனாவதை நோக்குக. திரையின் சிறு விளக்கு எரியாவிடின் மின் வரவில்லை. செம்மஞ்சளாக எரியின், மின் உண்டு, படம் வரவில்லை. “நோ சிக்னல்” எனத் திரை அறிவிப்பின், திரையின் பொத்தானை அழுத்தி, வடம் செருகிய துறையையே அது நோக்குகின்றதா எனப் பார்க்க.

அடுத்து, நன்கு இயங்கும் திரையைக் கழற்றிவிட்டு, ஐயத்துக்குரிய திரையை மாத்திரம் அதன் வடத்தோடும் அதே துறையோடும் விட்டுக் கணினியை மீள இயக்குக. படம் தோன்றுமாயின் துறை, வடம், திரை ஆகிய மூன்றும் குற்றமற்றவை. குற்றம் முறைமையின் அமைப்பிலேயே உளது. அப்போது டிவைஸ் மனேஜர் என்னும் பகுதியில் வரைவியல் அலகின் பெயரைப் பார்க்க. அங்கே “மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்” என்றிருப்பின் உரிய செலுத்தி மென்பொருள் நிறுவப்படவில்லை என்பது தெளிவு. அதனைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பெற்று நிறுவுதல் வேண்டும்.

படம் தோன்றாதாயின், அத்திரைக்கு நன்கு இயங்கிய வடத்தையும் துறையையும் அவ்வாறே கொடுக்க. அப்போதும் இருண்டிருப்பின் மாத்திரமே திரையை ஐயுறலாம். ஒளிருமாயின் திரை குற்றமற்றது. பின்னர் ஐயத்துக்குரிய வடத்தை நல்ல துறையிற் செருகிப் பார்க்க. திரை ஒளிரின் வடம் நன்று, பழுது பழைய துறையில். ஒளிராவிடின் பழுது வடத்தில். வடத்தின் விலை திரையின் விலையிற் சிறுபகுதியே என்பதை நோக்கின் இச்சோதனையின் பயன் விளங்கும்.

திரை இருளாது குறைபட இயங்குதலும் உண்டு. எழுத்துக்கள் மங்கலாயின், திரைக்கு இயல்பான பிரிதிறன் தெரியப்படவில்லை எனலாம். 1920 × 1080 புள்ளிகளுடைய திரைக்கு அதனையே தெரிதல் வேண்டும். 3840 × 2160 புள்ளிகளுடைய திரையிற் சுட்டி தயங்கித் தயங்கி நகரின், நொடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டிய படம் 30 முறையே புதுப்பிக்கப்படுதல் காரணமாகலாம், பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 துறை அதற்குமேல் வழங்காது. தொலைக்காட்சியைத் திரையாகக் கொண்டு ஓரங்கள் வெட்டுண்டு தோன்றின், தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பையே திருத்தல் வேண்டும். கழற்றிய திரையில் ஒரு சாளரம் சிக்குண்டு மறைந்தால், அதனைத் தெரிந்து, விண்டோஸ், ஷிப்ட் விசைகளுடன் அம்புக்குறியை அழுத்த அது மீளும்.

இவையனைத்திற்கும் நுண்ணிய கருவி யாதும் வேண்டியதில்லை. ஒன்றை மாற்றி, விளைவை நோக்கி, எழுதிவைத்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்லும் பொறுமையே வேண்டும். களஞ்சிய அறையில் “பழுது” எனச் சீட்டொட்டிக் கிடக்கும் திரைகளை நம் மாணவர் ஒருநாள் வெளியே எடுத்து, இம்முறையாற் சோதிப்பாராக. சில உண்மையிற் பழுதானவையாகவே இருக்கும். சில மீண்டும் மேசையேறும். எவ்வாறாயினும், சான்றின்றித் தீர்ப்புக் கூறலாகாது என்னும் பயிற்சி அவர்க்குக் கைவருதல் ஒருதலை.