கிரிவலப் பாதையில் ஓர் எம்.டெக். படிப்பு, தெரியுமா?

திருவண்ணாமலைப் பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர். சுமாராக 20,000 காலடி! நாலு மணி நேரத்தில் சுற்றி வந்தால், அதற்குள் இதயம் 24,000 தடவையாவது அடித்திருக்கும், தெரியுமா? குபேர லிங்கத்தை நெருங்கும்போது கெஞ்சுவது கணுக்கால்தான். இதயத்தின் நாலு வால்வுகளும் முணுமுணுக்காமல் திறந்து மூடிக்கொண்டே கூட வருகின்றன!

அந்த வால்வு பழுதானால்? திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானின் குழு உள்நாட்டிலேயே செயற்கை வால்வு ஒன்று செய்யக் கிளம்பியது. அதில் திறந்து மூடும் வட்டுக்குச் செயற்கை நீலக்கல்லைக்கூடப் போட்டுப் பார்த்தார்கள், தேறவில்லை. கடைசியில் ஜெயித்தது பிளாஸ்டிக்! ஆமாம், நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் பாலித்தீனுக்குப் பெரியப்பா பிள்ளை முறை. கோபால்ட் கலப்புலோக வளையத்துக்குள் அந்த வட்டு சாயும்போது ரத்தம் பாயும், நிமிர்ந்தால் கதவு சாத்தியாச்சு. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்று பொருத்தியவை லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இப்படிப்பட்ட மருத்துவக் கருவிகளைச் செய்யக் கற்றுத்தரும் படிப்பு உண்டா? அந்த ஸ்ரீசித்திரா, சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி மூன்றும் சேர்ந்தே கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன, தெரியுமா? பட்டம் ஐஐடியுடையது, பாடத்தில் ஒரு பகுதி ஆஸ்பத்திரியில், டாக்டர்களின் பக்கத்தில் நின்று கற்பது. இந்த மூன்றில் வேலூர் நமக்கு போளூர், கண்ணமங்கலம் வழியாக பஸ் ஏறினால் வந்துவிடும்! "பயோமெடிக்கலா? மெஷின் ரிப்பேர் பார்க்கிற வேலைதானே?" என்று கேட்கும் மாமாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதயத்துக்கு மட்டுமல்ல, காலுக்கும் கருவி உண்டு: காலை இழந்தவர்களுக்காகச் சென்னை ஐஐடி 2022-ல் வெளியிட்ட செயற்கை முழங்காலின் பெயர் 'கதம்'. இந்தியில் 'அடி' என்று பொருள். அது 160 டிகிரி வரை மடங்கும். எதற்கு அவ்வளவு? நம் பஸ் சீட்டிலும் ஆட்டோவிலும் காலை மடக்கி உட்கார வேண்டாமா!

காலுக்கு உதவும் இந்தக் கதைக்கு ஒரு முன்கதையும் வேலூரில் இருக்கிறது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், சிஎம்சியில் தொழுநோயாளிகளின் பாதங்களைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுகொண்டார்: பாதத்தைத் தின்பது கிருமி மட்டுமல்ல, வலி தெரியாமல் போவதும்தான். கல் குத்தினாலும் உறைக்காது. குத்திய இடத்திலேயே மறுபடி மிதிப்பார்கள். அதற்கு மருந்தாக வந்தது மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுப்பதும் அதே செருப்பைத்தான்!