நான்காம் இடத்தின் விசேஷம்

வேலியோரத்தில் வளரும் ஆடாதோடையின் இலையைக் கஷாயமிட்டு இருமலுக்கும் இரைப்புக்கும் கொடுப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்விலையின் கசப்பான சத்தைத் தனியே பிரித்து, 1888-இல் வாசிசின் என்ற பெயரால் வெளியுலகுக்கு அறிவித்தவர், உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் சிங்கோனா இரசாயன நிபுணராக உத்தியோகம் பார்த்த டேவிட் ஹூப்பர். பிற்காலத்தில் அந்தச் சத்தின் உள்ளமைப்பு துலங்கியபோது, அதன் நடுவில் குவினசோலின் என்னும் இரட்டை வளையம் அமைந்திருப்பது தெரியவந்தது. சீன வைத்தியர்கள் முறைக்காய்ச்சலுக்கு வழங்கிவந்த சாங்ஷான் வேரின் சத்தும் இவ்வளையத்தையே கொண்டது.

பென்சீன் வளையமும் பிரிமிடின் வளையமும் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு ஒட்டிநிற்பதே குவினசோலின். எட்டுக் கார்பன், ஆறு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கூடிய இவ்வஸ்துவை 1895-இல் பிஷ்லரும் லாங்கும் முதன்முதலாகத் தயாரித்தார்கள். சுமார் 48 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும் மஞ்சள் படிகம் இது.

இதன் நைட்ரஜன்கள் ஒன்றாம், மூன்றாம் இடங்களில் அமர்ந்து எலெக்ட்ரான்களைத் தம்பால் ஈர்த்துக்கொள்வதால், நான்காம் இடத்துக் கார்பன் எலெக்ட்ரான் குறைபாட்டுக்கு ஆளாகி, அருகில் வரும் அணுக்கூட்டங்களை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. நீர்த்த அமிலத்தில் குவினசோலினைக் கரைத்தால், நீரின் மூலக்கூறு ஒன்று மூன்றாம் நான்காம் இடங்களுக்கு இடையேயுள்ள இரட்டைப் பிணைப்பின்மேல் வந்து சேர்ந்து, ஹைட்ராக்சில் பகுதி கார்பனிலும் ஹைட்ரஜன் நைட்ரஜனிலும் குடியேறிவிடுகின்றன. ஏட்ரியன் ஆல்பர்ட்டும் அவருடைய சகாக்களும் விரிவாக ஆராய்ந்த இந்நிகழ்ச்சி, இவ்வளையத்தின் சுபாவத்தை ஒரே பார்வையில் விளக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆந்த்ரானிலிக் அமிலத்தையும் ஃபார்மமைடையும் சேர்த்துச் சூடேற்றினால் நான்காம் இடத்தில் ஆக்ஸிஜன் கொண்ட குவினசோலினோன் கிடைக்கிறது. அந்த ஆக்ஸிஜனின் ஸ்தானத்தில் குளோரினை வைத்து, அக்குளோரினையும் அகற்றி அனிலின் வகையொன்றைப் பூட்டுவதுதான் ஜெஃபிடினிப் முதலிய நுரையீரல் புற்றுநோய் மருந்துகளின் இரசாயன மார்க்கம். உயிரணுவை ஓயாமல் பெருகத் தூண்டும் ஒரு புரதத்தில், ஏ.டி.பி. வந்து அமரவேண்டிய குழியில் இம்மருந்து தானே நுழைந்து, தன் முதலாம் நைட்ரஜனால் அங்குள்ள மெத்தியோனினோடு ஹைட்ரஜன் பிணைப்புக் கொள்ள, நான்காம் இடத்து அனிலின் வளையமோ குழியின் உட்புறத்தில் ஆழ்ந்து இறங்கிவிடுகிறது. அப்புரதத்தின் ஜீனில் குறிப்பிட்ட மாறுதல்கள் ஏற்பட்ட நோயாளிகளிடத்திலேயே இதன் பலன் பெரிதும் தென்படுகிறது.

அதே வளையத்தின் இரண்டாம், மூன்றாம் இடங்களில் வேறு கூட்டங்களைப் பூட்டி, மலேரியா மருந்தை நாடி 1951-இல் நம் நாட்டில் கக்கரும் ஸாஹீரும் உண்டாக்கிய மெத்தகுவலோன், தூக்க மருந்தாகிப் பின்னர் போதைப் பொருளாகச் சீரழிந்து, பல தேசங்களில் தடை செய்யப்பட்டது. ஆகவே குணத்தை நிர்ணயிப்பது வளையம் மட்டுமன்று, அதில் எவ்விடத்தில் எது பூட்டப்பட்டிருக்கிறது என்பதே. வாசிசினின் நான்காம் இடத்தில் அனிலின் கிடையாது. வளையம் ஒன்றே என்னும் காரணத்தால் ஆடாதோடையைப் புற்றுநோய்க்கு மருந்தென்று சொல்வது தகாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் சக்தியும் வாசிசினுக்கு உண்டாகையால், கர்ப்பிணிகள் இக்கஷாயத்தை வைத்தியரைக் கேளாமல் அருந்தவேண்டாம்.