டீன் ஏஜ் பிள்ளைகளோடு சொகுசுக் கப்பல் டூரா? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் குடும்பங்கள் டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் 10-வது படிக்கும் பிள்ளை இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல்ஸைக் காட்டுகிறது. கப்பல் மேல்தளத்தில் நீச்சல் குளம், இரவு டான்ஸ் ஷோ, நள்ளிரவிலும் சாப்பாடு. "அப்பா, இது சென்னையில இருந்தே போகுதாம்!" அன்று ராத்திரியே அப்பா கட்டணத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

கட்டணம் அப்புறம். முதலில் காலண்டரை எடுங்க. நம்ம ஊர்ப்பக்கம் கப்பல் டூர் பிளான் பெரும்பாலும் இடிக்கப்போவது அங்கேதான்.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கிட்டத்துல உள்ள பெரிய துறைமுகம் தூத்துக்குடி. அங்கிருந்து 2011 ஜூனில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் கொழும்புக்கு ஓடத் தொடங்கி, சில மாதங்களிலேயே நின்றுபோனது. அதனால் இப்போதைக்கு நமக்கு சென்னை அல்லது கொச்சி. பாஸ்போர்ட் இருந்தால் நாகப்பட்டினம், சிங்கப்பூர்.

கப்பல் வரும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும்

சென்னையில் இருந்து கார்டெலியா குரூஸஸ் நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது 2022 ஜூன் 4-ம் தேதி. அடுத்த வருஷம் 2023 ஜூன் 5-ம் தேதி, அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்கள். 2025 ஜூலையில் விசாகப்பட்டினம், புதுச்சேரி, சென்னை என ஒரு சுற்று.

தேதிகளைக் கவனிச்சீங்களா? எல்லாமே ஜூன், ஜூலை.

காரணம் தென்மேற்குப் பருவமழை. மும்பை, கோவா, கொச்சி பக்கம் அரபிக்கடல் அந்த மாதங்களில் கொந்தளிப்பாக இருக்கும். அதனால் மற்ற மாதங்களில் மேற்குக் கடற்கரையில் ஓடும் கப்பல், மழைக்காலத்தில் வங்காள விரிகுடா பக்கம் வருகிறது. கப்பல் கம்பெனிக்கு இது சரியான கணக்கு. ஆனால் தமிழ்நாட்டில் ஏப்ரல், மே விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்துவிடும். 2022-ல் 1 முதல் 10-ம் வகுப்பு வரை ஜூன் 13-ல்தான் திறந்ததால், முதல் சில பயணங்களாவது லீவில் கிடைத்தன. 2025-ல் ஜூன் 2-ம் தேதியே மணி அடித்துவிட்டார்கள்.

சின்னப் பிள்ளை என்றால் மூன்று நாள் லீவு போட்டுக்கலாம். 10, 12-வது படிக்கிற பிள்ளைக்கு? அதுவும் பொதுத்தேர்வு தேர்ச்சியில் பல வருஷம் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டத்தில்? கிளாஸ் டீச்சரிடம் போய் "கப்பலுக்குப் போறோம் சார்" என்று லீவு லெட்டர் நீட்ட எத்தனை அப்பாக்களுக்குத் தைரியம் வரும் என்று தெரியவில்லை.

ஒரு சந்து இருக்கு. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு விருதுநகர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவாங்க. 2025-ல் அது ஜூலை 28, திங்கட்கிழமை. சனி, ஞாயிறோடு சேர்த்தால் மூன்று நாள். அதற்கு ஈடாக வேறொரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள், அது வேற விஷயம். ஆனால் தேர் ஓடும் அன்றைக்கு ஊரை விட்டுப் போக உங்க வீட்டுப் பாட்டி சம்மதிப்பாங்களா? ராஜபாளையத்துக்காரங்க வேணும்னா யோசிக்கலாம்.

அப்போ எப்பத்தான் போறது?

மே மாதம் போகணும் என்றால் மேற்குக் கடற்கரையையும் வெளிநாட்டையும் பாருங்க. மழை தொடங்கும் முன் கொச்சி, மும்பை, கோவா பக்கம் என்ன பயணம் இருக்கிறது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். லட்சத்தீவில் இறங்கும் பயணம் என்றால் பெர்மிட் வேண்டும். அதை நிறுவனம் எடுத்துத் தருமா, நாம் என்ன ஆவணம் எத்தனை நாள் முன்னாடி கொடுக்கணும் என்று டிக்கெட் போடும்போதே கேட்டுக்கோங்க.

சிங்கப்பூரில் வருஷம் முழுக்க கப்பல் கிளம்பும். மதுரையில் இருந்தே நேரடி விமானமும் இருக்கு. பட்ஜெட் இடம் கொடுத்தால், பள்ளி லீவோடு ஒத்துப்போகும் பிளான் இதுதான். ஒன்றை மறக்கக்கூடாது: கப்பல் மலேசியாவோ தாய்லாந்தோ போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்கே திரும்பும். அதனால் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. விசா கைக்கு வந்ததும் அதில் என்ன போட்டிருக்கு என்று பாருங்க. கப்பல் நிற்கும் மற்ற நாடுகளின் விசா விதியையும் சேர்த்துப் பார்க்கணும்.

வீட்டில் 12-வது முடித்த பிள்ளை இருந்தால் மே மாதத்தின் முதல் ஞாயிறு வரை அசையாதீங்க. நீட் தேர்வு அப்போதான் வருது. 2025-ல் மே 4. அதற்குப் பிறகும் ரிசல்ட், கவுன்சலிங் என்று மனசு அங்கேயேதான் கிடக்கும். எங்க கணக்கில் சிறந்த நேரம், 9-வது முடிந்த மே அல்லது 10-வது பரீட்சை எழுதி முடித்த மே. பிள்ளையும் ஃப்ரீ, பெற்றோரும் ஃப்ரீ.

காலாண்டு, அரையாண்டு லீவு? கிழக்குக் கடலை நம்பி போடாதீங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை என்ன பாடுபட்டது என்பது ஞாபகம் இருக்கும். அரையாண்டு லீவுக்கு கொச்சிப் பக்கம் வானிலை பெரும்பாலும் பரவாயில்லை.

15 வயசா? பாஸ்போர்ட்டில் ஒரு முக்கிய விஷயம்

உள்நாட்டுக் கப்பல் பயணத்துக்கு பாஸ்போர்ட் தேவையில்லை, அரசு அடையாள அட்டை போதும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆதார்தான். ஆனால் அதில் 5 வயசு போட்டோவே இன்னும் இருந்தால், மீசை முளைத்த பையனை வைத்துக்கொண்டு கவுண்டரில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். 15 வயதில் ஆதார் பயோமெட்ரிக் புதுப்பிப்பது எப்படியும் கட்டாயம். டூருக்கு முன்னாடி அதை முடிச்சிருங்க.

இலங்கை, சிங்கப்பூர் என்றால் பாஸ்போர்ட். நமக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தரும் பாஸ்போர்ட் 5 வருஷம் அல்லது 18 வயது, இதில் எது முதலில் வருதோ அதுவரைதான் செல்லும். கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் 15 வயது ஆகிவிட்டால் 10 வருஷம் செல்லும் பாஸ்போர்ட்டையும் கேட்கலாம், அதற்கு 1,500 ரூபாய். 16 வயசுப் பிள்ளைக்கு 500 ரூபாய் மிச்சம் பிடித்து எடுத்தால், இரண்டே வருஷத்தில் காலேஜ் சேரும் நேரத்தில் மறுபடி அலையணும்.

பிள்ளை சின்ன வயசில் எடுத்த பாஸ்போர்ட் அலமாரியில் இருக்கிறதா? 5 வருஷம் ஓடிப்போச்சா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்க. பல நாடுகளும் கப்பல் நிறுவனங்களும் பயணத் தேதியில் இருந்து இன்னும் 6 மாதம் செல்லணும் என்று கேட்பாங்க.

இன்னொன்று. நம்ம வீடுகளில் டூர் என்றால் சித்தப்பா பையன், அத்தை மகள் எல்லாரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போறதுதான் வழக்கம். பெற்றோர் கூட வராத 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், அவர்களது அடையாள அட்டை நகல் என்று நிறுவனம் கேட்கும். இதைத் துறைமுகத்தில் நின்று வாட்ஸ்அப்பில் வாங்க முடியாது.

விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை யாருக்கு?

பெரும்பாலும், ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஒரு ஆளுக்கு ஆகும் தொகை அது. அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ். கூல்டிரிங்க்ஸ், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், இறங்கி ஊர் சுற்றும் பஸ், வைஃபை எல்லாம் பெரும்பாலும் தனி. "நாலு பேருக்கு எல்லாம் சேர்த்து கடைசித் தொகை எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்க. பயணத் தேதி நெருங்க நெருங்க, கேன்சல் செய்தால் பிடிக்கும் தொகையும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் ஒன்றும் திரும்பாது. பரீட்சை அட்டவணை வெளிவருவதற்கு முன்பே முழுப்பணம் கட்டுவது ஏன் ஆபத்து என்பது இப்போ புரிஞ்சிருக்கும்.

நாலு பேரும் ஒரே கேபினில் தங்கினால் செலவு குறையும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு பெரும்பாலும் கட்டணமும் குறைவு. ஆனால் கப்பல் கேபின் என்பது ரயில் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மேலே மடக்கும் படுக்கை, ஒரே ஒரு குட்டி பாத்ரூம். 16 வயசுப் பெண்ணும் 14 வயசுத் தம்பியும் அதில் மூன்று நாள் சண்டை இல்லாமல் இருப்பார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு கேபின் எடுத்தால், பல நிறுவனங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்கணும். அம்மா மகளோடு, அப்பா மகனோடு என்று பிரிச்சுக்கிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

ஜன்னல் இல்லாத உள்பக்க கேபின்தான் மலிவு. டீன் ஏஜ் பிள்ளைகள் தூங்க மட்டும்தான் அறைக்கு வருவாங்க, அதனால் அவர்களுக்கு அது போதும். பாட்டி வந்தால் கடல் தெரியும் கேபினைப் பாருங்க.

டவர் கட்டானால் என்ன செய்வாங்க?

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் டவர் போய்விடும். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்க, ஏறினபிறகு சொன்னால் முதல் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பாங்க. அதைவிட முக்கியம், பல கப்பல்களில் சாட்டிலைட் வழியாக ஓடும் தனி மொபைல் நெட்வொர்க் இருக்கும். ரோமிங் ஆனில் இருந்தால் போன் தானாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும், பில் தீட்டிவிடும். கப்பல் கிளம்பும் முன் வீட்டில் உள்ள எல்லா போனையும் ஏர்பிளேன் மோடில் போடுங்க. வைஃபை வேண்டும் என்றால் அதன் பிறகு தனியாக ஆன் செய்துக்கலாம்.

போன் இல்லாத இடத்தில் பிள்ளையை எப்படித் தேடுவது? நேரமும் இடமும் பேசி வையுங்க. "மதியம் ஒரு மணிக்கு சாப்பாட்டு ஹால் வாசல், ராத்திரி பத்தரைக்கு கேபின்." கப்பல் மூடிய இடம்தான், ஆனால் பார், கேசினோ எல்லாம் அங்கே இருக்கு. பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி கிடையாது என்றாலும், போகும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. 2022-ல் இந்தக் கப்பல் பயணிகளைப் புதுச்சேரியில் இறக்க அனுமதி கிடைக்காமல் போனதன் பின்னாலும் கேசினோ சர்ச்சைதான் இருந்தது. பேச்சை ஆரம்பிக்க அதுவே ஒரு சாக்கு.

பால்கனி, மேல்தளக் கம்பி மேல் ஏறி செல்ஃபி எடுப்பதற்கு மட்டும் கறாராக 'நோ' சொல்லிடுங்க.

வாந்தி வருமா? முதலில் ஒரு டெஸ்ட்

மலைப்பாதையில் பஸ் திரும்பினாலே புளிப்பு மிட்டாய் தேடும் பிள்ளையை, நேரடியாக மூன்று நாள் கடலில் விடாதீங்க. கொச்சி போல்காட்டியில் இருந்து கேரள அரசு நிறுவனத்தின் 'நெஃபர்டிட்டி' என்ற சிறிய சொகுசுக் கப்பல் சில மணி நேரம் கடலுக்குள் போய்த் திரும்பும். 200 பேர் போகலாம். மதுரை - குருவாயூர் ரயில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் எர்ணாகுளம் போகிறது. ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். பல குடும்பங்களுக்கு இதுவே போதும் என்று தோன்றிவிடவும் வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டு மண்ணையும் மிதிக்கணும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்றால் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல். இது பயணிகள் படகு, நீச்சல் குளமெல்லாம் கிடையாது. சுமார் 4 மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துப் பக்கம் இறங்கலாம். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, மழைக்காலத்தால் ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. பாஸ்போர்ட், இலங்கைக்கான ஆன்லைன் அனுமதி இரண்டும் வேண்டும். வானிலை பார்த்து சேவையை நிறுத்துவார்கள் என்பதால், திரும்பும் நாளுக்கும் பள்ளி திறக்கும் நாளுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்க.

பெரிய கப்பலில் போகும்போது தலைசுற்றலுக்கு மாத்திரையை உங்க டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கோங்க. கேபின் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

ரயில் லேட்டானாலும் கப்பல் காத்திருக்காது

சென்னையில் ஏறுவதாக இருந்தால், பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி காலையில் இறங்கி நேராகத் துறைமுகம் போயிடலாம் என்றுதான் தோன்றும். செய்யாதீங்க. செக்-இன் நேரம் முடிந்தால் கேட்டை மூடிவிடுவார்கள், பணமும் திரும்ப வராது. ஒரு நாள் முன்னாடியே சென்னை வந்து சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிடுங்க. திரும்பும்போது அந்தப் பதற்றம் இல்லை. கப்பல் காலையில் கரை சேர்ந்தால், இரவு பொதிகை வரை ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். பெட்டிகளை ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டுவிட்டு, கப்பலில் சாப்பிட்ட பாஸ்தாவுக்குப் பிறகு எங்கே இட்லி சாம்பார் கிடைக்கும் என்று தேடலாம். டிக்கெட்டை மட்டும் போகும்போதே எடுத்து வச்சிருங்க, வார இறுதியில் பொதிகையில் சீட் கிடைப்பது கஷ்டம்.