கயிறு எவ்வளவு சுமக்கும்?

கொல்லிமலையின் அரியூர் நாட்டுப் பக்கம் போக, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். இந்த மலையின் உச்சிப் பகுதிகளில் பாக்சைட் அதிக ஆழமின்றிக் கிடக்கிறது. மால்கோ நிறுவனம் அதைத் திறந்தவெளியில் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரிகளில் இறக்கிவந்தது. 2008இல் வேலை நின்றது. பாரத்தோடு மலையிறங்கும் லாரியில் இன்ஜினைவிட பிரேக்குக்குத்தான் வேலை அதிகம்.

தாது பூமிக்கடியில் இருந்தால் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு டன்னையும் மேலே தூக்கியாக வேண்டும். எதைக் கொண்டு தூக்குவது என்பதை, இயந்திரத்தின் குதிரைத்திறனுக்கு முன்பே தாதுப் படிவின் சாய்வும் ஆழமும் பாதி முடிவு செய்துவிடுகின்றன.

கிடைமட்டச் சுரங்கப் பாதை என்றால் தண்டவாளமும் தொட்டி வண்டிகளும் சிக்கனம். ஆனால் பாதையை முழுச் சமதளமாகப் போடமாட்டார்கள். நிறைவண்டி போகும் திசையில் ஏறத்தாழ 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழ்த்தி வைப்பார்கள். நிறைவண்டியைக் கீழே இழுப்பதற்கும் காலி வண்டியை மேலே இழுப்பதற்கும் ஏறக்குறைய ஒரே இழுவிசை போதும்.

கடப்பை மாவட்டம் தும்மலப்பள்ளி யுரேனியம் சுரங்கத்தில் தாதுப் படிவு சுமார் 15 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதனால் அங்கே மூன்று சரிவுப் பாதைகளை வெட்டி, நடுப்பாதையில் கன்வேயர் பெல்ட் ஓடவிட்டார்கள். பெல்ட் நிற்காமல் ஓடும். ஆனால் சுமார் 18 டிகிரிக்கு மேல் சாய்ந்தால், சாதாரண பெல்ட்டில் கல் பின்னோக்கி உருளத் தொடங்கும்.

படிவு செங்குத்தாக இறங்கினால் குழிதான் வழி. ஜார்க்கண்டின் ஜாதுகுடா சுரங்கத்தில் 640 மீட்டர் ஆழக் குழி உண்டு. இன்னும் ஆழமாகப் போனால் கயிறே சிக்கலாகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுள்ள எஃகுக் கயிறு, மீட்டருக்குச் சுமார் 800 கிராம் எடை. 2,000 மீட்டர் தொங்கவிட்டால் கயிறு மட்டுமே 1.6 டன். நல்ல எஃகு என்றால் அந்தக் குறுக்குவெட்டு அறுபட சுமார் 18 டன் வேண்டும். ஆள் ஏறும் கூண்டுக்குப் பத்து மடங்கு பாதுகாப்பு என்று வைத்தால், அனுமதிக்கப்படும் மொத்த எடை 1.8 டன். கூண்டுக்கும் ஆளுக்கும் மிஞ்சுவது 200 கிலோதான். கயிற்றைத் தடிமனாக்கினால் வலுவும் எடையும் ஒரே விகிதத்தில் கூடும். அதனால் இந்தத் தொல்லை தீராது.

வட ஆற்காட்டுத் தமிழர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அங்கே ஒரு குழியின் அடியில் இறங்கி, பூமிக்குள்ளேயே தொடங்கும் அடுத்த குழிக்கு மாறிப் படிப்படியாகப் போனார்கள். தாதும் அதே வழியில் மேலே வந்தது. ஒவ்வொரு படிக்கும் தனி வைண்டிங் இயந்திரம், பாறையைக் குடைந்த அறை, மாற்றி ஏற்றும் நேரம் எல்லாம் கூடுதல் செலவு. ஆழத்தின் வெப்பமும் பாறை வெடிப்புகளும் அதோடு சேர, தாதில் தங்கத்தின் அளவு குறைந்த பிறகு வரவு செலவைத் தாங்கவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.