நச்சு வாயு எங்கே செல்லும்?

1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, இந்தியாவின் போபால் நகரிலிருந்த பூச்சிகொல்லித் தொழிற்சாலையின் தாங்கியொன்றினுள் நீர் புகுந்தது. அதனால் சூடேறிய மெதைல் ஐசோசயனேற்று, சுமார் 40 தொன் அளவில் வெளியேறியது. 3,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இத்தகைய விபத்தின் விளைவை முன்கூட்டியே கணிக்க முடியுமா? முடியும். அதற்கு நான்கு வினாக்கள் உள்ளன. எவ்வளவு வாயு வெளியேறும்? அது வளியைவிடப் பாரமானதா? காற்று எத்திசையில், என்ன வேகத்தில் வீசும்? அத்திசையில் வாழ்வோர் யார்?

போபாலில் வெளியேறிய வாயு வளியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பாரமானது. பகலென்றால் வெயிலில் சூடான வளி மேலெழுந்து அதை ஓரளவு கலைத்திருக்கும். குளிர்ந்த இரவிலோ அது மெல்லிய காற்றோடு நிலத்தை ஒட்டித் தவழ்ந்து, அருகிலிருந்த குடிசைகளுள் நுழைந்தது.

கணிப்பு மக்களைச் சென்றடையாவிட்டால் பயனில்லை. அன்று அபாயச் சங்கு தொடர்ந்து ஒலிக்கவில்லை. காற்று வீசிய திசையிலேயே ஓடியோரை வாயுவும் தொடர்ந்தது. காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்வதே தக்க வழி.

நமது சமையல் எரிவாயுவும் வளியைவிடப் பாரமானதே. கசிந்தால் தரையில் தேங்கும். மணம் வந்தால் மின்னாளியைத் தொடாதீர்கள். கதவு, யன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். வீட்டிலுள்ள சிறியோருக்கும் இதனைச் சொல்லி வையுங்கள்.