உங்களுக்குத் தெரியுமா? பித்தளையும் தோலும் ஒட்டியிருக்கக் கூடாது!

திருப்பதி மலைப்படி தொடங்கும் அலிபிரியில் உள்ள பாதால மண்டபத்தில், பக்தர்கள் உலோகப் பாதரட்சைகளைத் தலையில் தாங்கி வலம் வருவார்கள். ஏழுமலையானுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாக்கும் வழக்கமும் உண்டு.

இப்படி உலோகம், தோல் என இரண்டு வகைப் பொருள்களையும் வீட்டில் ஒரே கண்ணாடி அலமாரியில் வைத்தால்தான் சிக்கல். உலோகத்துக்கு ஈரம் குறையக் குறைய நல்லது. தோலோ, காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் விறைத்து வெடிக்கத் தொடங்கும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கும் பொதுவாக 45 முதல் 50 வரை வைத்துக்கொள்ளலாம்.

தோல் வாரில் பித்தளைக் கொக்கி படும் இடத்தில் மெழுகாகப் பச்சை திரண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். தோலில் ஊறிய கொழுப்பு பித்தளையிலுள்ள செம்போடு வினைபுரிந்த அடையாளம் அது. ஈரம் இருந்தால் இன்னும் வேகமாகப் பரவும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும், சின்ன ஈரப்பதமானி ஒன்றும் இருக்கட்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு கவனம் தேவை என்றாலும், பித்தளையிலுள்ள செம்பு சுலபத்தில் சாகாது. ஏழுமலையானைப் பாடிய அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகளைப் பொறித்த செப்பேடுகள் திருமலைக் கோயிலின் சிறு அறையில் நூற்றாண்டுகள் கிடந்தும், 20-ஆம் நூற்றாண்டில் எடுத்துப் படித்து அச்சிடும் நிலையில்தான் இருந்தன.