புதுக் கணக்கில் முதல் வரி யாருக்கு?

ஜனவரி பிறந்துவிட்டால் தேக்காவில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கும். கேம்பல் லேன் பக்கம் பொங்கல் பானைகளும் கரும்புக் கட்டுகளும் வந்து இறங்கும். கடைகளுக்குள்ளே சென்ற ஆண்டின் கணக்கை முடித்துப் புது ஆண்டின் கணக்கைத் தொடங்குவார்கள். கணக்கெல்லாம் இப்போது கணினியில்தான். ஆனாலும் புது நோட்டு ஒன்றின் மூலைகளில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கும் வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. ஊரில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை “ஒன்று” என்று எண்ண மாட்டார்கள். “லாபம்” என்றுதான் தொடங்குவார்கள்.

லாபத்தில் தொடங்குவது வியாபாரத்தின் இயல்பு. அதில் தவறில்லை. ஆனால் நம் வணிகர்களின் பழைய கணக்கில், லாபம் எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே எழுதப்பட்ட இன்னொரு வரியும் இருந்தது. அதன் பெயர் மகமை.

மிச்சத்தில் அல்ல, முதலில்

வியாபாரத்திலிருந்து கோயிலுக்கோ பொதுக் காரியத்துக்கோ எடுத்து வைக்கும் பங்குதான் மகமை. நாட்டுக்கோட்டை நகரத்தார் இதைக் கடல் தாண்டியும் கொண்டு சென்றார்கள். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியோடு அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள், 1859ஆம் ஆண்டிலேயே டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள். கிட்டங்கிகள் இருந்த இடத்தில் இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. கோயில் அதே இடத்தில் இருக்கிறது.

விருதுநகர் நாடார் வணிகர்கள் சந்தையில் கைமாறிய சரக்கின்மீது மகமை வாங்கினார்கள். வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்ததைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சத்திரிய வித்யாசாலை என்ற பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். அங்கே படித்த சிறுவர்களில் ஒருவர் காமராசர். தமிழகப் பள்ளிகளில் மதிய உணவுக்கு வழி செய்த முதலமைச்சரின் கதையில், யாரோ ஒரு வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த காசுக்கும் இடமிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, அது எடுக்கப்பட்ட நேரத்தை. ஆண்டு முடிவில் மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சரக்கு கைமாறும்போதே மகமையும் ஒதுக்கப்பட்டது. நல்ல ஆண்டு, மோசமான ஆண்டு என்று அதற்குப் பேதம் இல்லை. ‘விழுமியம் சார்ந்த தலைமைத்துவம்’ என்று இன்றைய மேலாண்மை வகுப்புகளில் சொல்வதை, அன்று ஒரே சொல்லில் கணக்கேட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

சிராங்கூன் சாலையில் ஒரு பெயர்

நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1887ல் மாயவரத்தில் பிறந்த ப.கோவிந்தசாமி பிள்ளை, 1905ல் சிங்கப்பூர் வந்து மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சொந்தமாகக் கடை நடத்தினார். மளிகை, புடவை, மாவு, மசாலா என்று தொழில் விரிந்தது. சிராங்கூன் சாலையில் பொருள் வாங்கிய பழைய தலைமுறைக்கு அவர் ‘பிஜிபி’.

1855ல் தொடங்கிய ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் ராஜகோபுரம் அவருடைய நன்கொடையில் எழுந்தது. அங்குள்ள திருமண மண்டபமும் அவர் பெயரைத் தாங்கியது. அவர் 1980ல் காலமானார். அவருடைய கடைகளின் கல்லாவில் ஒரு நாளைக்கு எவ்வளவு விழுந்தது என்று இன்று யாருக்கும் நினைவில்லை. அந்த மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டவர்களுக்கு அவர் பெயர் மறக்காது.

நம்மவர்கள் மட்டும்தான் இப்படி என்று சொல்ல முடியாது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா இரும்பு ஆலை 1912லேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. சட்டம் கட்டாயப்படுத்துவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு அது. மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுவோர் தரும் வருமானத்தைக் கொண்டு பணம் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை தருவது அதன் அடிப்படைத் திட்டம். முதலில் வளர்ந்துவிட்டுப் பிறகு கொடுப்போம் என்று அவர் தள்ளிப்போடவில்லை.

‘குடும்பம் மாதிரி’

ஆண்டுத் தொடக்கத்தில் வானொலியில் நேயர்களிடம் உறுதிமொழி கேட்பது எங்கள் வழக்கம். எடை குறைப்பேன், கைப்பேசியைத் தள்ளி வைப்பேன் என்பார்கள். தொழில் நடத்துகிறவர்களிடம் கேட்டால், “எங்கள் ஊழியர்களைக் குடும்பம் மாதிரி பார்த்துக்கொள்வோம்” என்ற பதில் அடிக்கடி வரும். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தக் குடும்பம் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறது?

பழைய முறையிலும் குறை இருந்தது. மகமை பெரும்பாலும் சொந்தச் சமூகத்தின் வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. கோயிலுக்கு வாரிக் கொடுத்தவர்களின் கடைகளிலேயே வேலையாட்கள் கடைக்குள் படுத்துறங்கிய காலமும் அதுதான். இன்று ஒரு தேக்கா உணவகத்தின் சமையலறையில் தமிழ்நாடு, பங்ளாதேஷ், மலேசியா, சீனா என்று நான்கு ஊர்க்காரர்கள் நிற்கலாம். நம் வட்டமும் அந்த அளவுக்கு விரிய வேண்டும்.

அது எளிதல்ல என்பதும் தெரியும். வாடகை ஏறுகிறது. ஆள் கிடைப்பதில்லை. பொருள் சேவை வரி 2024 முதல் ஒன்பது விழுக்காடு. இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் ‘விழுமியம்’ என்று சுவரில் மாட்டியது சுவரோடு நின்றுவிடுகிறது. முதலில் வெட்டப்படுவது ஊழியரின் ஓய்வு நேரம். அடுத்தது சிறு விநியோகிப்பாளருக்குத் தரவேண்டிய பாக்கி. அதனால்தான் நல்ல எண்ணமும் வாடகையைப் போலக் கணக்கில் ஒரு செலவாக முன்கூட்டியே ஏற வேண்டும்.

இந்த வாரம் உட்கார்ந்து எழுதச் சில கேள்விகள்:

சம்பளம்: சம்பளக் காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம். முதல் நாளே தர நம்மால் முடியுமா? விநியோகிப்பாளரின் பாக்கியை எத்தனை நாளில் தீர்ப்போம்?

நேரம்: 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறைப்படி விண்ணப்பிக்கும் ஊழியருக்கு இரண்டு மாதங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் ‘முடியாது’ என்றால், காரணத்தை முகம் பார்த்துச் சொல்லும் துணிவு நமக்கு உண்டா?

வயது: 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறுவேலை வயது 69. நம் கடையில் இருபது ஆண்டு நின்றவருக்கு, நிற்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்றை யோசித்து வைத்திருக்கிறோமா?

கொடை: அங்கீகரிக்கப்பட்ட பொதுநல அமைப்புகளுக்குத் தரும் தகுதியான நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. ஆண்டு முடிவில் ஒரு பெரிய காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, மாதந்தோறும் விற்பனையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கலாமே? அதுதான் மகமை.

கடை இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். அலுவலகத்தில் மூன்று பேரை நிர்வகிக்கும் முப்பது வயதுக்காரரும் ஒரு தலைவர்தான். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்புவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கிறது. வீட்டில் பணிப்பெண் இருந்தால் நாமும் முதலாளிதான். 2023 முதல் மாதத்தில் ஓர் ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் கட்டாயம் தரவேண்டும். அந்த நாளில் காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போகச் சொன்னால் அது முழு ஓய்வு ஆகாது என்பது நமக்கே தெரியும்.

உறுதிமொழிகள் பத்து வேண்டாம், ஒன்று போதும். ஆனால் அதற்கு ஒரு தொகையோ ஒரு தேதியோ இருக்க வேண்டும். “ஊழியர் நலனில் அக்கறை காட்டுவோம்” என்பதை ஆண்டு முடிவில் யாரும் சரிபார்க்க முடியாது. “ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கடை அடைப்போம்” என்பதை, கடையில் வேலை செய்யும் தம்பி முதல் வாரமே சரிபார்த்துவிடுவார். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே அது நடக்குமா நடக்காதா என்று தெரிந்துவிடும்.